ஃபேஸ்புக்கில் ஒரு பூஞ்சை

2013 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கில் ‘ஃப்ராக்சினஸ்’ என்றொரு விளையாட்டு வெளியானது. ஃபார்ம்வில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லியும், கேண்டி கிரஷ்ஷுக்கு உயிர் கேட்டும் நண்பர்கள் நச்சரித்துக்கொண்டிருந்த காலம். முதல் பார்வைக்கு இதுவும் அந்த ரகம்தான்: நிறம் நிறமான இலைகள், வரிசை வரிசையாக, இடது வலதாக நகர்த்திப் பொருத்தினால் மதிப்பெண். ஆனால் அந்த இலைகள் ஒரு பூஞ்சையின் மரபணு எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வை ஆக்கும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள். இங்கிலாந்தின் காடுகளில் அப்போதுதான் நுழைந்து ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருந்த பூஞ்சை. விளையாட்டை உருவாக்கியது நாரிச் நகரத்துச் செயின்ஸ்பரி ஆய்வகத்தில் இருந்த டான் மெக்லீனின் குழு. திரையும் நிரலும் ஷெஃபீல்டைச் சேர்ந்த டீம் கூப்பர் என்ற நிறுவனத்தின் வேலை.

நான் அப்போது எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படித்துக்கொண்டிருந்தேன். இன்று திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது மரபணுத் தரவைக் கணினியில் ஆராயும் பாடம், நடத்துகிறேன். மாணவர்கள் உட்கார்ந்த இடத்தில் கைவைத்துச் செய்து பழகும்படியான எதையாவது வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று தேடும்போதெல்லாம் இந்த விளையாட்டு நினைவுக்கு வரும். ‘விளையாட்டு மூலம் கல்வி’ என்று இன்று கூவி விற்கப்படும் பலவற்றையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதன் கதை வேறு. இதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அதை உருவாக்கியவர்களே கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். அந்த நேர்மை அபூர்வம்.

முதலில் மரம். ஆஷ் மரத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம், தொட்டிருக்க வாய்ப்புண்டு. நல்ல கிரிக்கெட் ஸ்டம்புகள் காலங்காலமாக ஆஷ் மரத்தில்தான் கடையப்படுகின்றன. அடி தாங்கும், சட்டென்று பிளக்காது. அதனால்தான் கோடரிக் காம்பு, பழைய ஹாக்கி மட்டை எல்லாவற்றுக்கும் அதையே தேடினார்கள். தாவரவியல் குடும்பத்தைப் பார்த்தால் இன்னும் நெருக்கம்: நம் மல்லிகையும் பவளமல்லியும் ஆலிவும் ஆஷும் ஒரே குடும்பம். இதை வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பூவில் இரண்டே மகரந்தத்தாள் என்கிற அடையாளத்தைக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

1990களின் தொடக்கத்தில் போலந்தில் இந்த மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. காரணம் ஒரு பூஞ்சை என்று அடையாளம் கண்டு பெயர் வைக்க 2006 ஆகிவிட்டது. அதன் பிறகும் பெயர் இரண்டு முறை மாறியது. இப்போது ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் என்கிறார்கள். சொந்த ஊர் கிழக்கு ஆசியா. ஜப்பானிலும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் மஞ்சூரிய ஆஷ் மரத்தின் இலைகளில் பெரிய தொந்தரவு தராமல் வாழ்ந்து வந்தது. ஐரோப்பிய மரத்துக்கு அதனோடு பழக்கமில்லை. கோடையில், போன வருடம் உதிர்ந்த இலைக்காம்புகளின் மேல் குட்டி வெள்ளைக் குடைகள் முளைக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றில் பறந்து புது இலைகளில் இறங்கும். இலை வாடும், பூஞ்சை காம்பு வழியாகக் கிளைக்குள் போகும், கிளை பிரியும் இடத்தில் பட்டையில் வைர வடிவத்தில் ஒரு புண் தெரியும். பிறகு மேல் கிளைகள் மொட்டையாகும்.

பிரிட்டனில் இது முதலில் சிக்கியது 2012 பிப்ரவரியில், பக்கிங்ஹாம்ஷயரின் ஒரு நாற்றங்காலில், நெதர்லாந்திலிருந்து வாங்கி வந்த கன்றுகளில். அதே ஆண்டு அக்டோபரில் நார்ஃபோக்கின் ஆஷ்வெல்தார்ப் காட்டிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மாதக் கடைசியில் கன்று இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். பூஞ்சை உள்ளே வந்து காட்டில் குடியேறிய பிறகு.

இந்த இடத்தில்தான் கதை எனக்குச் சுவாரசியமாகிறது. வழக்கமாக ஆராய்ச்சி உலகில் ஒரு நோய்க்கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தால், அந்தத் தரவை வைத்திருக்கிற குழு அதைக் கோழி முட்டை போல அடைகாக்கும். ஆய்வுக்கட்டுரை பொரிந்து வெளிவரும் வரை யாருக்கும் காட்டாது. அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். ஆஷ்வெல்தார்ப் காடு நாரிச்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜான் இன்னஸ் மையமும் செயின்ஸ்பரி ஆய்வகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. நோயுற்ற சுள்ளிகளைக் கொண்டுவந்து, அதற்குள் பூஞ்சையும் மரமும் கலந்து கிடந்த ஆர்.என்.ஏ.வை (வேலையில் இருக்கும் மரபணுக்களின் நகலை) அப்படியே படித்து, அந்த மூலத்தரவை 2012 டிசம்பரிலேயே இணையத்தில் எல்லோருக்குமாகப் போட்டுவிட்டார்கள். கட்டுரை இல்லை, முடிவு இல்லை, வெறும் தரவு. ‘ஓப்பன் ஆஷ் டைபேக்’ என்று அதற்கென ஒரு தளம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம். செய்ததை, நிரல்களையும் கோப்புகளையும் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடலாம். யார் என்ன செய்தார்கள் என்பது அங்கே பதிவாகும். மெக்லீனோடு அதே ஆய்வகத்தின் சோஃபியன் கமூன் போன்றவர்கள் இதை முன்நின்று நடத்தினார்கள்.

ஆனால் கிட்ஹப்பைத் திறந்து வைத்தால் வருவது யார்? ஏற்கெனவே அந்த வேலை தெரிந்தவர்கள்தான். ஊரே கூட வேண்டுமென்றால் வேறு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் ஃபேஸ்புக் விளையாட்டு.

அதில் என்ன வேலை நடந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வழி ஓலைச்சுவடிதான். உ.வே.சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்கும்போது ஊர் ஊராகப் போய்ப் பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒரு சுவடியில் ஒரு எழுத்து மாறியிருக்கும். இன்னொன்றில் ஏடெழுதியவர் கண்ணயர்ந்து இரண்டு எழுத்துகளை விட்டிருப்பார். மற்றொன்றில் ஒரு சொல்லை இருமுறை எழுதியிருப்பார். எழுத்து மாறியதைக் கண்டுபிடிப்பது சுலபம், வரிகளை நேராக வைத்தாலே தெரியும். எழுத்து விடுபட்டிருந்தால்தான் சிக்கல். அந்த இடத்துக்குப் பிறகு வரி முழுவதும் இரண்டு எழுத்து நகர்ந்துவிடும். நகர்ந்தது தெரியாமல் ஒப்பிட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எழுத்தும் பிழையாகத் தோன்றும்.

மரபணுவிலும் இதுவேதான். ஆய்வகக் கருவி ஒரு பூஞ்சையின் மரபணுத் தொகுதியை முழுநீளமாகப் படிப்பதில்லை. நூறு, நூற்றைம்பது எழுத்துள்ள துண்டுகளாகக் கோடிக்கணக்கில் படித்துத் தரும். கென்னிங்ஹால் காட்டில் எடுத்த ஒரு மாதிரியை மூலமாக வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் கிடைத்த மாதிரிகளின் துண்டுகளை அதன்மேல் வரிசையாக அடுக்க வேண்டும். எங்கே வேறுபாடு என்பது தெரிந்தால்தான் இந்தப் பூஞ்சை எப்படிப் பரவுகிறது, எந்த மரபணு மாறிக்கொண்டே இருக்கிறது, மரத்தின் தற்காப்பை எதைக் கொண்டு முறியடிக்கிறது என்றெல்லாம் யோசிக்க முடியும். அடுக்குவதற்கு மென்பொருள் இருக்கிறது. அது பெரும்பாலும் சரியாகவே செய்யும். எழுத்து விடுபட்ட, கூடிய இடங்களில்தான் தடுமாறும். ஒரு துண்டின் ஓரத்தில் விடுபாடு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி விட அதற்கு மனசு வராது. ஓரத்து எழுத்துகள் நாலைந்தையும் ‘மாறிவிட்டன’ என்று கணக்கெழுதிவிடும். இப்படிச் சந்தேகத்துக்கு இடமான இடங்களைத்தான் புதிர்களாக வெட்டி விளையாட்டில் போட்டார்கள்.

திரையில் மூல வரிசை ஒன்று, அதோடு பொருந்த வேண்டிய வரிசைகள் பல. நான்கு எழுத்துக்கு நான்கு நிறம். ஒரு வரிசையைப் பிடித்து இழுக்கலாம், நடுவில் இடைவெளி விடலாம். பொருந்தப் பொருந்த மதிப்பெண் ஏறும். ஒரு புதிருக்கு அதிக மதிப்பெண் எடுத்தவர் அதைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடலாம். வேறொருவர் அதைவிடச் சிறப்பாக அடுக்கினால் பறித்துக்கொள்ளலாம்.

விடுதியில் டேட்டா கார்டு செருகிய லேப்டாப்பில் நானும் என் அறைத்தோழியும் ஆடினோம். ஒரு புதிர் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூலத்தில் ஒரே நிறம் வரிசையாக வரும் ஓர் இடம், ஏ ஏ ஏ ஏ ஏ என்று. கீழே இருந்த துண்டுகள் பாதியில் அந்த ஏக்களில் ஒன்று குறைவு. குறைந்தது எந்த ஏ? முதலாவதா, கடைசியா, நடுவிலா? எதை எடுத்தாலும் மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் எல்லாத் துண்டுகளிலும் ஒரே இடத்தில் இடைவெளி விட்டால் படம் பளிச்சென்று நேராகும்; ஆளுக்கொரு இடத்தில் விட்டால் கலங்கலாக இருக்கும். தோழி அதைச் சட்டென்று பார்த்தாள். அவளுக்கு அலைன்மென்ட், அதாவது இப்படி வரிசைகளை அடுக்குவது பற்றிய தேர்வில் அரியர் இருந்தது என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். புத்தகத்தில் நீடில்மன்–வுன்ச் முறை என்று அம்புக்குறி போட்ட கட்டங்களாகப் பார்த்தபோது ஏறாத விஷயம், இலையை இழுத்தபோது கைக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் புதிரை யாரோ பறித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த ‘யாரோ’தான் இந்தக் கதையில் முக்கியமான ஆள்.

2015இல் மெக்லீன் குழு ‘ஈலைஃப்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 51 வாரங்களில் மக்கள் செய்தது என்ன என்ற கணக்கு. புதிர்களில் 78 சதவீதத்தில் ஆட்டக்காரர்களின் விடை கணினியின் விடைக்குச் சமமாக இருந்தது. 15 சதவீதத்தில் கணினியைவிடச் சிறப்பாக இருந்தது. இந்த 15 சதவீதத்தைப் பெரிய வெற்றி என்று சொல்லவும் முடியும், சுமார் என்று சொல்லவும் முடியும். நான் இரண்டுக்கும் நடுவே. மரபணு என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் வேடிக்கையாக ஆடி, பல வருடம் செதுக்கிய மென்பொருளை ஏழு புதிருக்கு ஒன்று வீதம் முந்தியிருக்கிறார்கள் என்றால் சாதாரணமில்லை. மறுபக்கம், அதே வேலையைப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் செய்திருக்கலாமே என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமம்தான்.

கட்டுரையின் இன்னொரு முடிவு பலரைச் சங்கடப்படுத்தியிருக்கும். வந்தவர்களில் பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்களும் அப்படித்தான். வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடித்தது விடாப்பிடியான ஒரு சிறு கூட்டம். புதிரைப் பறித்துப் போனவர் அந்தக் கூட்டத்து ஆளாகத்தான் இருந்திருப்பார். ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட ஒரு கணித மாதிரியையும் அவர்கள் அந்தக் கட்டுரையில் தந்தார்கள். இனி இப்படி விளையாட்டு செய்ய நினைப்பவர்கள் செலவு பண்ணும் முன் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும் என்று.

‘ஊர் கூடித் தேர் இழுத்தல்’ என்று இத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். தேரை இழுத்தது ஊர் அல்ல. ஊர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனது. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. எங்கள் கல்லூரியில் நூலகமும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ‘லட்சம் பேர் கற்றார்கள்’ என்று ஒரு கற்றல் செயலி விளம்பரம் செய்யும்போது, அதில் எத்தனை பேர் இரண்டாம் நாள் வந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்துதான் வந்தது.

அந்த விளையாட்டுக்கு வெளியே ஆராய்ச்சி நகர்ந்துகொண்டே இருந்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பக்ஸ் தலைமையில் ஆஷ் மரத்தின் மரபணுத் தொகுதியையே படித்து 2016 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்: 38,852 மரபணுக்கள். நார்ஃபோக்கில் நோய்க்கு அவ்வளவாக மசியாத ஒரு மரத்துக்கு ‘பெட்டி’ (Betty) என்று பெயர் வைத்துப் பத்திரிகைகள் கொண்டாடின. எதிர்ப்பு மரபணு ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும், அதை வைத்துக் கன்று வளர்த்துவிடலாம் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கும். நெல்லில் நமக்கும் இருக்கிற ஆசைதான்.

2019இல் 1,250 மரங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒற்றை மரபணு என்று எதுவும் தலைகாட்டவில்லை. எதிர்ப்பு பல இடங்களில் சிதறிக் கிடந்தது. 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சர்ரேயின் மார்டன் பார்க் காட்டில், நோய் வருவதற்கு முன்பே வளர்ந்த மரங்களையும், நோய் வந்த பிறகு முளைத்த கன்றுகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். புதிய தலைமுறையில் எதிர்ப்புக்கு உதவும் எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தன, ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, ஆயிரக்கணக்கான இடங்களில். ஒவ்வொன்றும் மிகச் சிறிய பங்கு. இயற்கைத் தேர்வு நம் கண் முன்னால், ஒரு தலைமுறையில் நடந்திருக்கிறது. காட்டை இது தானாகவே காப்பாற்றிவிடும் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்து இனக்கலப்பு செய்வதும், இளங்கன்றுகளை மான்கள் மேயாமல் காப்பதும் தேவைப்படலாம் என்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. விளையாட்டில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு சிலர் பெரும்பகுதியைச் செய்தார்கள். மரத்தில் ஒரு மரபணு பெரும்பகுதியைச் செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம் செய்கின்றன.

பூஞ்சையின் கதையோ இரண்டிலும் சேராது. ஐரோப்பாவையே ஆட்டிப்படைக்கும் இந்த ஆஷ் பூஞ்சை முழுவதும் ஆசியாவிலிருந்து வந்த இரண்டே இரண்டு தனியன்களின் வாரிசுகள் என்று 2018இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. இரண்டு வித்துகள் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டால் பிரிட்டனுக்கு மட்டும் ஆகப்போகிற செலவு 1,500 கோடி பவுண்டு என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. காய்ந்த மரங்களை வெட்டுவது, திரும்ப நடுவது, மரங்கள் காற்றையும் நீரையும் சுத்தம் செய்வது நின்றுபோவதால் வரும் இழப்பு எல்லாம் சேர்த்து. நாற்றங்காலில் கன்றுகளை இன்னும் கொஞ்சம் கவனமாகச் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பெரிய பயனில்லை. காற்றிலேயே பறந்து கடல் தாண்டும் பூஞ்சை எப்படியும் வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக.

சரி, இதெல்லாம் இங்கிலாந்துக் காட்டுக் கதை, நமக்கென்ன என்றால், அடுத்த அத்தியாயம் நம் பக்கத்தில்தான் நடந்தது.

2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் கோதுமைக் கதிர்கள் மணி பிடிக்காமல் வெளிறின. மெஹர்பூர் தொடங்கி எட்டு மாவட்டங்கள், ஏறத்தாழ 15,000 ஹெக்டேர். கோதுமைக் குலைநோய். 1985இல் பிரேசிலில் முதன்முதலாகக் காணப்பட்டு அதுவரை தென் அமெரிக்காவை விட்டுத் தாண்டாத நோய். அரசு விதைப்பண்ணைகளில் கதிர்களைத் தீ வைத்து எரித்தார்கள். நோய் இருந்த பகுதியை ஒட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாடியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமை பயிரிட மேற்கு வங்க அரசு பிறகு தடை போட்டது.

வங்கதேசத்தின் காஜிப்பூரில் வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தோஃபஸல் இஸ்லாமும் நாரிச்சின் கமூனும் ஆஷ் மரத்துக்குச் செய்த அதே வேலையைச் செய்தார்கள். வயலிலிருந்து எடுத்த நோயுற்ற இலைகளின் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்து, மூலத்தரவை ‘ஓப்பன் வீட் பிளாஸ்ட்’ என்ற தளத்தில் உடனே போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த டேனியல் குரோல் அதை எடுத்துப் பிரேசில் மாதிரிகளோடு ஒப்பிட்டார். வந்திருப்பது உள்ளூர் நெல்லிலிருந்தோ புல்லிலிருந்தோ தாவியது அல்ல, தென் அமெரிக்கக் கோதுமைப் பூஞ்சையின் நேர் உறவு என்பது சில வாரங்களில் தெரிந்துவிட்டது. பல வருட வேலை, ஒரு பயிர்ப்பருவத்துக்குள். நோய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எந்த எதிர்ப்பு ரகத்தைத் தேடுவது, எந்த வழியை அடைப்பது என்று தெரியும்.

இங்கே விளையாட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திறந்த தரவு மட்டும். என்னைக் கேட்டால் ஃப்ராக்சினஸ் கதையில் உண்மையாகவே நிலைத்து நின்றது அந்த வழக்கம்தான். தரவை உடனே பொதுவில் போடு, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். விளையாட்டு அதற்கு ஒரு நல்ல முகப்பு.

எங்கள் வீட்டில் இது தூரத்துச் செய்தி இல்லை. கோதுமையைத் தாக்கியதும் நம் நெல்லில் குலைநோய் கொண்டுவருவதும் ஒரே பூஞ்சை இனத்தின் இரண்டு கிளைகள். மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும்போது டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இலையில் இரண்டு முனையும் கூர்த்த, நடுவில் சாம்பல் பூத்த கண் வடிவப் புள்ளிகள். அதை விட்டுவிட்டால் கதிரின் கழுத்தில் கறுத்து ஒடியும். ஒடியாத கதிர் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே பதர். பாபநாசம் பக்கத்தில் என் மாமா வெள்ளைப் பொன்னி போட்ட ஒரு வருடம் கேட்டார், “ஏம்மா, இவ்வளவு படிச்சிருக்கியே, இந்தக் குலைநோய்க்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?”

“யூரியாவைக் குறைங்க மாமா.”

“அத உரக்கடைக்காரனே சொல்றானே. அதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.?”

எனக்குப் பதில் இருந்தது. சொன்னால் அவருக்குச் சுவைத்திருக்காது. நெல்லில் குலைநோய் எதிர்ப்பு மரபணுக்கள் நிறையக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. வியட்நாமின் டெடெப் ரகத்திலிருந்து வந்த ஒன்றை 2005இல் டெல்லியில் டி.ஆர். சர்மாவின் குழு பிரித்தெடுத்தது. பை54 என்று பெயர். ஆனால் ஒற்றை மரபணுவை நம்பி ஒரு ரகம் கொண்டுவந்தால் சில வருடங்களில் பூஞ்சை தன் எழுத்து ஒன்றை மாற்றிக்கொண்டு பூட்டைத் திறந்துவிடுகிறது. அதனால் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். இந்த ஆராய்ச்சியில் கோயம்புத்தூருக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. அங்கே உருவான கோ 39 ரகம் குலைநோய்க்கு அவ்வளவு எளிதாக மசியும் என்பதால், எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிக்கும் அடித்தளமாகப் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. நோய் வரவேண்டும் என்பதற்காகவே உலகம் முழுக்க விதைக்கப்பட்ட நம்மூர் நெல். இதை மாமாவிடம் சொன்னேன். “அதுவும் ஒரு பெருமைதான்” என்றார், பெரிய மரியாதை எதுவும் இல்லாமல்.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடத்தில் இன்றைய பெரிய குறை, மாணவர்கள் தரவைப் பார்ப்பதே இல்லை. நாலு கட்டளை தட்டச்சு செய்கிறார்கள். உள்ளே துண்டுகள் போகின்றன, வெளியே வேறுபாடுகளின் பட்டியல் வருகிறது. ‘இந்த இடத்தில் ஏ, ஜி ஆகியிருக்கிறது’ என்று பட்டியல் சொன்னால் அதுதான் வேதம். அந்த இடத்தில் துண்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எத்தனை துண்டு அதை ஆமோதிக்கிறது, எல்லாமே ஓரத்தில் மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஐ.ஜி.வி. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் திறந்தால் ஃப்ராக்சினஸ் திரையைப் போலவே வரிசை வரிசையாக நிறங்கள் தெரியும். இழுக்க முடியாது, அவ்வளவுதான்.

அதனால் நான் வண்ணக் காகிதத்தைப் பிடித்தேன். ஓப்பன் வீட் பிளாஸ்ட் தரவு இன்னும் பொதுவில் கிடைக்கிறது. அதிலிருந்து, மென்பொருள் தடுமாறும் இடங்களாகப் பார்த்துத் துண்டுகளைப் பொறுக்கி, நான்கு நிறக் கட்டங்களாக அச்செடுத்து, நீளப் பட்டைகளாக வெட்டி மேசைக்கு ஒரு கட்டு கொடுக்கிறேன். கத்தரிக்கோலும் செல்லோ டேப்பும் உண்டு. இடைவெளி விட வேண்டுமென்றால் வெட்டித்தான் விட வேண்டும். திரையில் ஒரு சொடுக்கில் விடும் இடைவெளியைக் காகிதத்தில் வெட்ட வேண்டியிருக்கும்போது மாணவர்கள் யோசிக்கிறார்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஏன் மதிப்பெண் குறைக்கிறோம் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. பட்டியல், முதலிடம், பேட்ஜ் எதுவும் வைக்கவில்லை. வைத்துப் பார்த்த சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில், முதலிடத்துக்காகப் பக்கத்து மேசையைப் பார்த்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: “மேம், இதக் கம்ப்யூட்டரே பண்ணாதா?”

பண்ணும். இப்போது இன்னும் நன்றாகவே பண்ணும். கூகுள் 2017 கடைசியில் டீப்வேரியன்ட் என்ற மென்பொருளைப் பொதுவில் விட்டது. துண்டுகளை அடுக்கிய வரிசைகளை அது ஒரு படமாக மாற்றுகிறது. பூனையா நாயா என்று புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லும் அதே வகை நரம்பு வலையமைப்பைக் கொண்டு, இந்த இடத்தில் வேறுபாடு உண்டா இல்லையா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறது. நாரிச்காரர்களின் அடிப்படை யோசனை, அதாவது கணக்கு தடுமாறும் இடத்தில் படமாகப் பார்த்தால் பிடிபடும் என்பது, சரிதான் என்று இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது. பார்க்கிற கண் மட்டும் மாறிவிட்டது.

அப்படியென்றால் மனிதக் கண்ணுக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். அந்த வலையமைப்பு பெரும்பாலும் மனிதத் தரவைக் காட்டிப் பழக்கப்பட்டது. பூஞ்சையின் மரபணுத் தொகுதி வேறு மாதிரி. மனிதனைப் போல இரண்டு அல்ல, ஒற்றைப் பிரதிதான் இருக்கும், திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் அதிகம், நோய் உண்டாக்கும் மரபணுக்கள் பல அந்தக் குழப்பமான பகுதிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மனிதனில் நன்றாக வேலை செய்கிற ஒன்று அங்கே அப்படியே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

போன பருவத்தில் இரண்டு மாணவிகள் ஒரு புதிரில் மோதிக்கொண்டார்கள். ஒரு வரிசையில் மூன்று எழுத்து மாறியிருக்கிறது என்றாள் ஒருத்தி. இல்லை, ஓர் எழுத்து விடுபட்டு இன்னோர் இடத்தில் ஒன்று கூடியிருக்கிறது என்றாள் மற்றவள். நான் கொடுத்திருந்த கணக்குப்படி இரண்டுக்கும் மதிப்பெண் சமம். பக்கத்து வரிசைகளைப் பார், அவற்றிலும் அதே இடத்தில் விடுபாடு இருந்தால் நீ சொல்வது சரி என்றேன். பார்த்தார்கள், பாதி வரிசை இவளுக்குச் சாதகம், பாதி அவளுக்கு. வயலிலிருந்து நேராக எடுத்த மாதிரி, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சை கலந்திருக்கலாமே என்றாள் முதலாமவள். கேட்க வேண்டிய கேள்வி. அதே இடத்தை டீப்வேரியன்ட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருவரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் லேபில் இருக்கிற கணினிகளில் அதை ஓட்ட நினைவகம் போதாது. துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கொட்டேஷன் மூன்று வேண்டும் என்கிறார்.